இலையை ஒட்டி நிற்கும் நீர்

செடிகள் வளர்க்கும் மீன் தொட்டியில் நீரோட்டத்துக்கு வேலைகள் பல. வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கை செய்யும் இலைகளுக்குக் கரியமில வாயுவையும் உரச்சத்துகளையும் அது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இலைகள் வெளிவிடும் ஆக்சிஜனை மீன்களுக்கும், ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கும் பகிர்ந்து தர வேண்டும். மீன்களின் கழிவையும் உதிர்ந்த இலைத் துணுக்குகளையும் ஃபில்டரின் வாய்வரை இழுத்துவர வேண்டும். மேலே சூடாகும் நீரைக் கீழேயுள்ள நீரோடு கலக்க வேண்டும். ஃபில்டர் வாங்கும்போது பெரும்பாலோர் நினைப்பது கழிவை இழுக்கும் வேலையை மட்டுமே. செடியில்லாத தொட்டிக்கு அது ஓரளவு போதும். செடித் தொட்டியில் கடினமானது முதல் வேலைதான். இலைக்கு வேண்டியது இலைவரை போய்ச் சேரும்படி நீரை ஓடவிட்டால் மற்ற வேலைகளில் பெரும்பகுதி அதனோடு சேர்ந்தே நடந்துவிடும்.

இலைவரை போய்ச் சேர்வது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் காரணம் நீரின் இயல்பிலேயே இருக்கிறது. கரைந்த வாயு, நீர் அசையாமல் இருக்கும்போது, தானாகப் பரவித்தான் இடம் மாற வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் கரியமில வாயு 8,000 முதல் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. 25 டிகிரி செல்சியஸில், அசையாத நீரில், அது பத்தில் ஒரு மில்லிமீட்டர் தூரத்தைக் கடக்கச் சராசரியாக 3 விநாடி போதும். அரை மில்லிமீட்டருக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரு சென்டிமீட்டருக்கு 7 மணி நேரம். 10 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மாதம். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காவதுதான் பரவலின் விதி. எனவே தொட்டியின் ஒரு மூலையில் கரைந்த வாயு, நீர் சுமந்து சென்றாலொழிய, மறு மூலையிலுள்ள செடிக்கு எந்தக் காலத்திலும் பயன்படப் போவதில்லை.

நீர் சுமந்து சென்றாலும் கடைசிச் சிறு தூரம் மிஞ்சுகிறது. திடப் பரப்பு ஒன்றின் மேல் பாயும் எந்தத் திரவமும் அந்தப் பரப்பைத் தொடும் இடத்தில் நின்றுவிடும். அங்கிருந்து விலக விலகத்தான் வேகம் பிடிக்கும். இந்த மெல்லிய அடுக்கை ‘எல்லைப் படலம்’ என்பார்கள். 1904-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த கணித மாநாட்டில் லுட்விக் பிரான்ட்ல் இந்தக் கருத்தை முன்வைத்தார். விமானச் சிறகின் கணக்குகளுக்கு அடிப்படையாகிப் போன அதே கருத்துதான் வரவேற்பறைத் தொட்டியிலுள்ள ஓர் இலையின் பசியையும் தீர்மானிக்கிறது. இலையைச் சுற்றியுள்ள படலத்துக்குள் நீரோட்டம் உதவிக்கு வராது. அங்கே பரவல் மட்டுமே வழி.

படலத்தின் தடிமன் நீரின் வேகத்தைப் பொறுத்தது. 1 செ.மீ. நீளமுள்ள வழவழப்பான தட்டை இலை ஒன்றை வைத்துக் கணக்கிட்டால், நீர் விநாடிக்கு அரை சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும்போது கரியமில வாயு கடக்க வேண்டிய படலம் இலையின் பின்முனையில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். வேகம் விநாடிக்கு 2 செ.மீ. ஆனால் அது கால் மில்லிமீட்டராகக் குறையும். 8 செ.மீ. ஆனால் அதிலும் பாதி. வேகத்தை நான்கு மடங்கு கூட்டினால்தான் படலம் பாதியாகும். முதல் நான்கு மடங்கில் கிடைத்த லாபம் கால் மில்லிமீட்டர். அடுத்த நான்கு மடங்கில் கிடைப்பது அரைக்கால் மில்லிமீட்டர்தான். ஓரிடத்தில் பாய்ச்சலாக ஓடும் நீரைவிட, எல்லா இலைகளின் மேலும் மெதுவாகத் தவழும் நீர் செடிகளுக்கு அதிகம் உதவுவதன் காரணம் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. தொட்டிக்குப் பெரிய பம்பு வாங்குவதா, இருக்கும் பம்பின் வாயைத் திருப்பி வைப்பதா என்ற கேள்விக்கும் பாதி விடை இதுவே.

ஆய்வகச் சோதனைகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. இங்கிலாந்தின் ஆற்றுச் செடிகளை வைத்து டி. எஃப். வெஸ்ட்லேக் 1967-இல் வெளியிட்ட ஆய்வு, விநாடிக்குச் சில மில்லிமீட்டர் என்ற அளவிலான மிக மெல்லிய ஓட்டமே ஒளிச்சேர்க்கையைத் தெளிவாகக் கூட்டுவதைக் காட்டியது. மறுமுனையில், 1993-இல் டென்மார்க்கில் ஓடைச் செடிகளை வைத்துச் செய்த சோதனையில், வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிக் கூடக்கூடச் சில செடிகளின் ஒளிச்சேர்க்கை குறைந்தது. ஓயாமல் ஆட்டுவிக்கப்படும் தண்டும் இலையும் அதற்கு விலை கொடுக்கின்றன. வீட்டுத் தொட்டிக்கு விநாடிக்கு 1 முதல் 5 செ.மீ. வரையிலான ஓட்டம் இலைகளுக்கு நடுவே கிடைத்தால் தாராளம். கண்ணால் பார்த்தால் மெல்லிய இலைகள் லேசாகத் தலையசைக்கும் வேகம் அது. தண்டு சாய்ந்து படுத்துவிட்டால் மிகை.

நீர்ச்செடிகள் தம் பங்குக்கும் இந்தத் தடையை எதிர்கொண்டே வந்திருக்கின்றன. வேலம்பாசி என்று நம் குளங்களில் வழங்கும் ஹைட்ரில்லாவின் இலை இரண்டே செல் அடுக்கு தடிமன் கொண்டது. கபோம்பா தன் இலைகளை மயிரிழைகளாகப் பிளந்துகொண்டிருக்கிறது. இழை குறுகினால் அதன் மேல் படலமும் மெலியும். கரையோரம் பாதி வெளியிலும் பாதி நீரிலும் வாழப் பழகிய அனுபியாஸ் போன்றவை தடித்த இலையோடு மெதுவாக வளர்ந்து, குறைந்த வரவில் காலம் தள்ளுகின்றன. வாலிஸ்னேரியாவுக்கும் ஹைட்ரில்லாவுக்கும் இன்னொரு வழியும் உண்டு: கரியமில வாயு குறைந்தால் நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும். உப்புச்சத்து மிகுந்த போர்வெல் தண்ணீரில் இவை மட்டும் செழித்து, பக்கத்தில் நட்ட பாசிவகை மாஸ்கள் வெளுத்துப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மாஸ்களுக்குப் பைகார்பனேட்டைப் பயன்படுத்தத் தெரியாது.

நீர் ஓட வேண்டும் என்பது மீன் தொட்டியின் வரலாற்றில் தாமதமாக வந்த எண்ணம். லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-இல் விவரித்த தொட்டியில் தங்கமீன்களும் வாலிஸ்னேரியாவும் நத்தைகளும் இருந்தன. பம்பு ஏதும் இல்லை. செடி ஆக்சிஜன் தரும், மீன் கரியமில வாயு தரும், நத்தை அழுகலைத் தின்னும், ஆகவே தொட்டி தானே சமநிலையில் நிற்கும் என்பது அவர் வாதம். விக்டோரியா காலத்து வீடுகள் அதை விரும்பி ஏற்றன. வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட் மாற்றுக் கருத்துக்காரர். 1864-இல் ஹாம்பர்க்கிலும் 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் அவர் அமைத்த பொது மீன்காட்சியகங்களில், காட்சித் தொட்டிகளுக்குக் கீழே பெரிய இருட்டு நீர்த்தேக்கம் வைத்து, நீரை இடைவிடாமல் சுழலவிட்டார். வாரிங்டன் சொன்னது குறைந்த மீன், நிறையச் செடி, பெரிய பாத்திரம் என்ற நிபந்தனையோடு இன்றும் நடக்கக்கூடியதுதான். ஆனால் கடையில் கிடைக்கும் அளவுத் தொட்டியில், வீடுகளில் போடப்படும் மீன் எண்ணிக்கைக்கு, லாய்டின் வழியே பொருந்தும்.

அந்தச் சுழற்சிக்கு முதல் கருவி ஃபில்டர். அதன் பெட்டியில் மணிக்கு இத்தனை லிட்டர் என்று அச்சிட்டிருக்கும் எண், பெரும்பாலும் உள்ளே ஸ்பாஞ்சோ செராமிக் வளையங்களோ இல்லாமல், உயரமும் குழாய்த் தடையும் இல்லாமல், புதுப் பம்பில் அளந்தது. பயன்பாட்டில் பாதி கிடைத்தாலும் வியப்பில்லை. உண்மையான அளவைக் கண்டுபிடிக்கச் செலவில்லை. நீர் வெளியேறும் முனையைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு ஒட்டியே பிடித்து, ஒரு லிட்டர் குவளை நிரம்ப எத்தனை விநாடி என்று பார்த்தால் போதும். 12 விநாடி ஆனால் மணிக்கு 300 லிட்டர்.

கேனிஸ்டர் ஃபில்டர் பற்றி ஒரு தவறான எண்ணம் கடைகளிலும் உலவுகிறது: ஃபில்டரைத் தொட்டிக்குக் கீழே அதிக ஆழத்தில் வைத்தால் பம்பு அவ்வளவு உயரம் நீரைத் தூக்க வேண்டியிருக்கும் என்பது. இறங்கும் குழாயும் ஏறும் குழாயும் நீரால் நிறைந்து, வெளியேறும் முனையும் நீரில் மூழ்கியிருந்தால், இறங்கும் நீரின் எடை ஏறும் நீரின் எடையைச் சமன்செய்துவிடும். மிஞ்சுவது உராய்வு. அதில் குழாயின் விட்டம்தான் பெரிய காரணி. அதே அளவு நீரை 12 மி.மீ. குழாய்க்குப் பதிலாக 16 மி.மீ. குழாயில் அனுப்பினால் உராய்வு இழப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். தேவைக்கு மேல் நீண்டு சுருண்டு கிடக்கும் குழாயை வெட்டிக் குறைப்பதும், கூர்மையாக மடிந்த இடங்களை நிமிர்த்துவதும் காசில்லாமல் கிடைக்கும் லாபம். தொட்டிக்குக் கீழே திறந்த தொட்டி வைக்கும் சம்ப் முறையில் மட்டும் உயரம் முழுவதையும் பம்பே சுமக்கிறது.

தொட்டியின் கொள்ளளவைப் போல் மணிக்கு 5 முதல் 10 மடங்கு நீர் ஃபில்டர் வழியே போக வேண்டும் என்பது வளர்ப்பவர்களிடையே வழங்கும் தோராய விதி. விதி தவறில்லை, அது சொல்லாமல் விடுவதுதான் கவனிக்க வேண்டியது. நீர் முழுதும் சீராகக் கலக்கும் தொட்டியிலேயே, கொள்ளளவுக்குச் சமமான நீர் ஒரு முறை ஃபில்டரைக் கடந்த பிறகும் 37 சதவீத நீர் இன்னும் ஃபில்டரைப் பார்த்திருக்காது. மூன்று முறைக்குப் பிறகு மிஞ்சுவது 5 சதவீதம். இது நல்ல கலப்பு நடக்கும்போது. பாறைக்குப் பின்னாலோ செடிப் புதருக்குள்ளோ நீர் தேங்கினால், ஃபில்டர் ஏற்கெனவே வடித்த நீரையே திரும்பத் திரும்ப வடித்துக்கொண்டிருக்கும். தேங்கிய நீர் அப்படியே இருக்கும். மடங்கு எண்ணை 20 ஆக்கினாலும் அந்த மூலைக்கு விடிவு வராது.

தேக்கத்தை உடைக்கும் சக்தி பம்பிலிருந்து வெளிவரும் நீருக்கு மட்டும் இல்லை என்பதே இங்கு சுவையான பகுதி. முனையிலிருந்து பீறிடும் நீர்த்தாரை தன்னைச் சுற்றியுள்ள நீரையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டே போகிறது. போகப் போக அகலமாகிறது, வேகம் குறைகிறது, சுமக்கும் நீரின் அளவு கூடுகிறது. வட்ட முனையுள்ள குழாயில், முனையின் விட்டத்தைப் போல் 25 மடங்கு தூரம் தடையில்லாமல் சென்ற தாரை, பம்பு தள்ளியதைப் போல் சுமார் 8 மடங்கு நீரை நகர்த்திக்கொண்டிருக்கும். பம்பு கூடுதல் மின்சாரம் எதையும் கேட்பதில்லை.

கடைகளில் அதிகம் விற்கும் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியை எடுத்துக்கொள்ளலாம். அடியில் மண் போட்டு, மேலே சற்று இடம் விட்டால் உள்ளே நிற்பது 40 லிட்டர் நீர். உண்மையான ஓட்டம் மணிக்கு 300 லிட்டர் என்றால் விநாடிக்கு 83 மில்லிலிட்டர். இது தொட்டியின் குறுக்கு வெட்டு முழுவதிலும் பரவி நகர்ந்தால் வேகம் விநாடிக்கு 1.3 மில்லிமீட்டர்தான், இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவில். அதே 83 மில்லிலிட்டர் 12 மி.மீ. முனை வழியே தொட்டியின் நீளவாக்கில் பாய்ந்தால் முனையில் வேகம் விநாடிக்கு 70 செ.மீ.க்கு மேல். நடுத்தொட்டியை, அதாவது 30 செ.மீ. தூரத்தை, எட்டும்போது அது இழுத்துச் செல்லும் நீர் விநாடிக்கு 600 மில்லிலிட்டரைத் தாண்டும். மேல்பாதியில் போய்க் கீழ்பாதியில் திரும்பும் சுழற்சியாக இதைக் கொண்டால் சராசரி வேகம் விநாடிக்கு 2 செ.மீ. அளவில் வரும். செடிகளும் கற்களும் இதில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டாலும், இலைகளுக்குத் தேவையான வேகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதே முனையை 10 செ.மீ. தள்ளியிருக்கும் ஒரு மரக்கட்டையை நோக்கித் திருப்பி வைத்தால் தாரை இரண்டு மூன்று மடங்கு நீரைச் சேர்ப்பதற்குள் மோதிச் சிதறிவிடும். பம்பு அதேதான், செலவும் அதேதான்.

ஆகையால் வெளியேறும் முனையைத் தடையற்ற நீண்ட பாதை கிடைக்கும் இடத்தில் வைப்பது முதல் திருத்தம். செவ்வகத் தொட்டியில் குறுகிய பக்கக் கண்ணாடியில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, எதிர்ப்பக்கம் பார்த்து வைப்பது பெரும்பாலும் பொருந்தும். நீர் மேல்மட்டத்தில் ஓடி, எதிர்க் கண்ணாடியில் மோதி இறங்கி, தரையை ஒட்டித் திரும்பி வரும். உள்ளிழுக்கும் குழாயை எங்கே வைப்பது என்பதில் பலருக்கும் தோன்றும் விடை எதிர் மூலை. சுழற்சிக்கு உகந்தது பெரும்பாலும் அதே பக்கத்தின் அடிப்பகுதி. தரையோடு திரும்பி வரும் ஓட்டம் குப்பையை நேராக அதன் வாயில் கொண்டு சேர்க்கும். தாரை பாதி வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும் அபாயமும் இல்லை. உள்ளிழுக்கும் குழாய் தொலைவிலுள்ள நீரை இழுப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதன் பிடி சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். தொட்டியில் நீரை நகர்த்துவது தள்ளும் முனைதான்.

நான்கு அடித் தொட்டியில் ஒற்றைத் தாரை மறுமுனைக்குப் போகுமுன் களைத்துவிடும். அங்கே ஸ்பிரே பார் எனப்படும் துளைக்குழாயைப் பின்கண்ணாடியின் மேல்விளிம்பில் நீளவாக்கில் பொருத்தி, துளைகளை முன்கண்ணாடி நோக்கித் திருப்பினால், நீர் முன்பக்கம் வந்து இறங்கி, தரையோடு பின்னுக்குப் போய், பின்வரிசைச் செடிகளினூடே மேலேறும். துளைகள் சிறியவை என்பதால் ஒவ்வொரு தாரையும் குறுகிய தூரத்திலேயே நிறைய நீரைச் சேர்த்துக்கொள்ளும். தொட்டியின் அகலம் ஓர் அடி, ஒன்றரை அடிதான் என்பதால் அதுவே போதும். துளைகள் பாசி பிடித்து அடைபடுவது இதன் தீராத தொல்லை. ஜப்பானின் தகாஷி அமானோ 1982-இல் தொடங்கிய நிறுவனம் வழியே உலகெங்கும் பரவிய கண்ணாடி லில்லி பைப், வாயை மணி வடிவில் விரித்துத் தாரையின் வேகத்தைத் தணிக்கிறது. மென்மையான செடிகளும் சிறு மீன்களும் உள்ள தொட்டிக்கு அழகும் பயனும் சேர்ந்தது. பெரிய தொட்டியில் அதை மட்டும் நம்புவது அழகுக்காகச் செய்யும் சமரசம்.

கூடுதல் பவர்ஹெட் அல்லது வேவ்மேக்கர் வைப்பதாக இருந்தால், ஏற்கெனவே உள்ள சுழற்சியின் திசையிலேயே, அது தளரும் இடத்தில் வைப்பது நல்லது. இரண்டு தாரைகளை எதிரெதிராக மோதவிடுவது பவளத் தொட்டிக்காரர்களின் வழக்கம். கடல் திட்டுகளில் அலைதான் இயல்பு. செடித் தொட்டியில் மோதும் இடம் மட்டும் கொந்தளித்து, தரைமட்டம் தேங்கிவிடும்.

சுழற்சிக்குப் பெரிய தடை செடிகளேதான். ஆறு ஓடைகளில் செடித் திட்டுகளுக்குள் நீர்வேகத்தை நுணுக்கமாக அளந்த டென்மார்க் அறிஞர் காய் சாண்ட்-ஜென்சனும் உடனாய்வாளரும், திட்டுக்கு வெளியே ஓடும் வேகத்தில் சிறு பங்கே உள்ளே எட்டுவதையும், உள்ளே வண்டல் படிவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். வந்த நீர் புதரைத் துளைக்காமல் அதன் மேலாகவும் பக்கவாட்டிலும் விலகிப் போகிறது. தொட்டியிலும் இதுவே நடக்கிறது. புதிதாக நட்ட மாதத்தில் நன்றாக இருந்த தொட்டி, செடிகள் அடர்ந்த மூன்றாம் மாதத்தில் அடியிலைகளை உதிர்க்கத் தொடங்குவதற்கு நிழல் ஒரு காரணம் என்றால், தேங்கிய நீர் இன்னொன்று. ரோட்டலா போன்ற தண்டுச் செடிகளை வெட்டி மெலியவிடுவதைச் சுழற்சிப் பராமரிப்பின் பகுதியாகவே கொள்ள வேண்டும். கற்களையும் மரக்கட்டைகளையும் பின்கண்ணாடியோடு ஒட்டாமல் 4, 5 செ.மீ. இடைவெளி விட்டு வைத்தால் பின்னாலும் நீருக்கு வழி இருக்கும். தரையோடு ஓட்டம் திரும்பும் வழியில் உயரமான புதர்ச்சுவர் எழுப்பாமல், நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் திறந்தவெளி விடுவதும் பலன் தரும்.

வெப்பமும் ஓட்டத்தைப் பிரிக்கும். 25 டிகிரி நீரைவிட 30 டிகிரி நீர் கன மீட்டருக்கு 1.4 கிலோ லேசானது. சொற்ப வேறுபாடுதான், ஆனாலும் மேலே விளக்கு சூடேற்ற, நீர் மந்தமாக இருந்தால், சூடான அடுக்கு மேலேயே மிதந்து கீழடுக்கோடு கலக்க மறுக்கும். மேல்மட்டத்தைத் தடவிச் செல்லும் பலவீனமான தாரை இந்த அடுக்கை அப்படியே விட்டுவிடும். முனையைச் சில டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்தால் கலப்பு தொடங்கிவிடும்.

ஆனால் மேல்மட்டத்தை முற்றிலும் மறந்துவிடவும் முடியாது. அசையாத நீரின் மேல் புரதமும் கொழுப்பும் பாக்டீரியாவும் சேர்ந்த படலம், காய்ச்சிய பாலின் ஆடையைப் போல், ஒரே வாரத்தில் படிந்துவிடும். வாயுக்கள் போக்குவரத்துக்கு அது தடை. நம் ஊர் வெயிலில் தொட்டி நீர் 30 டிகிரியை எளிதில் எட்டும். அந்த வெப்பத்தில் நீர் காற்றோடு சமநிலையில் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவே. 25 டிகிரியில் 8.3. இரவில் செடிகளும் ஆக்சிஜனையே நுகரும் என்பதால் விடியும் முன்பு அளவு மிகத் தாழும். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் மேல்மட்ட அசைவு போதவில்லை.

ஏர் பம்பு போட்டால் கரியமில வாயு ஓடிவிடும், செடிக்கு ஆகாது என்ற அறிவுரை இந்த இடத்தில் குறுக்கே வரும். அது பாதி உண்மை. சிலிண்டரிலிருந்து வாயு செலுத்தும் தொட்டிகளில் லிட்டருக்கு 20, 30 மில்லிகிராம் வரை கரியமில வாயு வைத்திருப்பார்கள். காற்றோடு சமநிலையில் நிற்கும் அளவு வெறும் 0.6 மில்லிகிராம். அங்கே நீர்மட்டத்தைக் கலக்கினால் காசு கொடுத்து வாங்கிய வாயு வெளியேறத்தான் செய்யும். வாயு செலுத்தாத தொட்டியில் கதை வேறு. வெளிச்சம் விழுந்த சில மணி நேரத்தில் அடர்ந்த செடிகள் இருக்கும் வாயுவை உறிஞ்சி, அளவை 0.6-க்கும் கீழே கொண்டுவந்துவிடக்கூடும். அப்போது மேல்மட்ட அசைவு காற்றிலிருந்து கரியமில வாயுவை உள்ளே கொண்டுவருகிறது. கொளத்தூர் கடைகளில் நூற்றுக்கணக்கில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர் அத்தகைய தொட்டிக்குச் செடியின் எதிரி இல்லை, துணைதான். குமிழிகள் மேலேறும்போது நீரையும் தூக்கிச் செல்வதால் சுழற்சியும் உண்டாகும். வாயு செலுத்துபவர்களுக்கு நடைமுறைத் தீர்வு எளிது: பகலில் மேல்மட்டம் உடையாமல் நெளியும் அளவுக்கு ஓட்டம், விளக்கும் வாயுவும் அணைந்த பின் டைமர் வழியே ஏர் பம்பு.

மண்ணுக்குள் நீர் ஓட வேண்டுமா என்பது பழைய விவாதம். தரைக்கடி ஃபில்டர்கள் மண் வழியே நீரை உறிஞ்சின. 1980-களில் ஜெர்மனியில் மண்ணுக்குள் சூடேற்றும் கம்பி பதித்து மெல்லிய ஓட்டம் உண்டாக்குவதும் புகழ் பெற்றது. வேர்களுக்கு அந்த ஏற்பாடு கட்டாயமில்லை. பல நீர்ச்செடிகள் இலையில் உண்டாகும் ஆக்சிஜனைத் தண்டுக்குள்ளிருக்கும் காற்றறைகள் வழியே வேருக்கு அனுப்பிக்கொள்கின்றன. ஆக்சிஜன் குறைந்த மண்ணில்தான் இரும்புச்சத்து வேருக்கு எளிதில் கிடைக்கும் வடிவத்தில் இருக்கிறது. இலங்கையின் ஓடைக்கரைச் சேற்றில் வேரூன்றும் கிரிப்டோகோரைன் வெண்டிக்கு அசையாத மண்ணே இயல்பு. மிக நுண்ணிய மணலைக் கனமாகக் கொட்டி, அது கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் நிலை மட்டும் வரக்கூடாது.

ஓட்டத்தின் அளவை முடிவு செய்வதில் மீன்களுக்கும் பங்கு உண்டு. மிஸ் கேரளா என்று வழங்கும் மீன் மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான ஓடைகளைச் சேர்ந்தது. நீண்ட தொட்டியில் நல்ல ஓட்டமும் நிறைந்த ஆக்சிஜனும் கேட்கும். தாய்லாந்தின் ஆழமற்ற தேங்குநீரிலிருந்து வந்த ஃபைட்டர் மீன், நீண்ட துடுப்புகளோடு அதே ஓட்டத்தில் ஓய்ந்துவிடும். இரண்டையும் ஒரே தொட்டியில் திருப்திப்படுத்தும் பம்பு கிடையாது. எந்த மீனாக இருந்தாலும், எந்நேரமும் ஒரு கல்லின் மறைவில் ஒதுங்கியே நின்றால் ஓட்டம் அதற்கு அதிகம்.

தேக்கம் எங்கே என்று கண்டுபிடிக்கச் சாயம் கரைக்கத் தேவையில்லை. மெத்திலீன் புளூ போன்ற சாயம் கண்ணாடி ஒட்டிய சிலிக்கானில் கறையாகத் தங்கிவிடும். மெல்லிய கம்பளி நூலை ஒரு குச்சியின் நுனியில் கட்டி, தொட்டியின் மூலைகளிலும் புதர்களுக்கு நடுவிலும் ஒவ்வோர் இடமாகப் பிடித்துப் பார்த்தால் நூல் சாயும் திசை ஓட்டத்தின் திசை. நூல் நேராகத் தொங்கினால் அங்கே தேக்கம். அறை விளக்கை அணைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, மிக நுண்ணிய மீன் உணவுத்தூளைச் சிட்டிகை அளவு தூவினால் சுழற்சி முழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஒரு துகள் 10 செ.மீ. கடக்க 5 விநாடி எடுத்தால் வேகம் விநாடிக்கு 2 செ.மீ. வாயு செலுத்தும் தொட்டியில் நிறம் மாறும் டிராப் செக்கரை வாயு குமிழும் இடத்தில் வைத்தால் நல்ல செய்தி மட்டும்தான் சொல்லும். தொலைவிலுள்ள கீழ்மூலையில் வைத்து அங்கும் பச்சை காட்டினால்தான் வாயு எல்லா இடத்துக்கும் போகிறது என்று பொருள்.

பாசிகளும் தகவல் சொல்லும், ஆனால் அவற்றின் சாட்சியம் அவ்வளவு நம்பகமானதில்லை. வழுவழுப்பான போர்வையாகப் படரும் நீலப்பச்சைப் பாசி பெரும்பாலும் குப்பை தங்கும் தேக்க மூலையில் தொடங்கும். கருந்தாடிப் பாசியோ ஃபில்டர் முனையிலும், ஓட்டம் மிகுந்த இடத்து இலை விளிம்பிலும்கூடத் தழைக்கும். அதைக் கண்டதும் பம்பைப் பெரிதாக்குவது பலமுறை தவறான மருந்து. வாயு அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

அமைத்த ஓட்டம் அப்படியே நிற்பதும் இல்லை. ஸ்பாஞ்சில் கழிவு சேரும், பம்பின் காந்தச் சுழலியில் வழவழப்பு படியும், குழாயின் உட்சுவரில் பாசி ஏறும். ஒரு லிட்டர் குவளைக் கணக்கை மாதம் ஒருமுறை எடுத்து, முதல் அளவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே போனால் சுத்தம் செய்யலாம். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிய வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரின் அதில் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

மின்தடை இன்னொரு சோதனை. ஏர் பம்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் தடைபட்ட நேரத்தில் நீர் டியூப் வழியே பின்வாங்கிப் பம்புக்குள் இறங்கும். டியூபில் ஒருவழி வால்வு பொருத்துவது அல்லது பம்பை மேலே தொங்கவிடுவது வழி. எல்லா மின்கம்பிகளும் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி இருந்தால், கம்பியோடு வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மூடிய கேனிஸ்டருக்குள் அடைபட்ட நீரில் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்து, பாக்டீரியா மடியத் தொடங்கும். நீண்ட மின்தடைக்குப் பிறகு மின்சாரம் வந்ததும் அந்த நீரை நேராகத் தொட்டிக்குள் விடாமல், வெளியேறும் குழாயை வாளியில் வைத்து முதலில் வரும் சில லிட்டரைக் கொட்டிவிட்டு, அதன் பின் பழைய இடத்தில் மாட்ட வேண்டும். அதுவரை மீன்களைக் காக்க பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்பு போதுமானது.